இரண்டு எண்களைக் கொண்டு அணுவைப் படிப்பது எப்படி: அணு அமைப்புக்கும் கதிரியக்கக் கணக்குகளுக்கும் ஒரு வழிகாட்டி

அணுவின் அமைப்பையும் கதிரியக்கத்தையும் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வரையறைகளை மனப்பாடம் செய்வதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, ஐசோடோப்பு, அரை ஆயுட்காலம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே நினைவில் நிறுத்த முயன்று, இரண்டே வாரத்தில் ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். வரவுசெலவுக் கணக்கு எழுதுவதைப் போல இரண்டே எண்களைத் தவறாமல் எழுதிவருவது இதைவிட எளிய வழி. அதற்கு ஒரு தாளும், பென்சிலும், தனிம வரிசை அட்டவணையும் போதும்; அரை ஆயுட்காலக் கணக்குக்கு வரும்போது மட்டும் மடக்கைப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் ஒன்று தேவைப்படும்.

இரண்டு எண்களைப் படித்தல்

ஒவ்வோர் அணுவின் மையத்திலும் ஓர் அணுக்கரு உண்டு. நேர் மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் அதில் நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிப் பரவியிருக்கின்றன. கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது நிறை எண். எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய 1,836 இல் ஒரு பங்குதான் என்பதால், அது நிறை எண்ணில் சேர்வதில்லை. இந்தக் கட்டுரையில் தனிமத்தின் பெயருக்குப் பின் நிறை எண்ணையும், அடைப்புக்குறிக்குள் அணு எண்ணையும் எழுதுகிறேன். பாடநூல்களில் இவை குறியீட்டின் இடப்பக்கத்தில் முறையே மேலும் கீழும் வரும்.

சோடியம்-23 (11) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டான்கள் 11, நியூட்ரான்கள் 23-லிருந்து 11-ஐக் கழிக்கக் கிடைக்கும் 12, மின்சுமையற்ற அணுவாக இருந்தால் எலக்ட்ரான்களும் 11. இதே சோடியம் சாதாரண உப்பில் அயனியாக இருக்கும்போது ஓர் எலக்ட்ரானை இழந்து 10 எலக்ட்ரான்களோடு நிற்கிறது, ஆனால் அதன் கருவில் எந்த மாற்றமும் நேர்வதில்லை. இந்தச் சிறு செய்தியில்தான் வேதியியலுக்கும் கதிரியக்கத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இருக்கிறது. எரிதல், கரைதல், துருப்பிடித்தல் ஆகிய எல்லா வேதிவினைகளும் எலக்ட்ரான்களின் இடமாற்றங்களே. கதிரியக்கமோ, அதாவது நிலையற்ற கரு கதிர்களை வெளியிட்டு மாறுவதோ, கருவுக்குள் நடப்பது. ஆகவே கதிரியக்கப் பொருளை எரித்தாலும், அமிலத்தில் கரைத்தாலும், உறைய வைத்தாலும் அதன் கதிரியக்கம் குறையாது. 1896-இல் ஹென்றி பெக்கெரல் யுரேனிய உப்புகளில் இந்தக் கதிர்களைக் கண்டறிந்த பிறகு, அவற்றின் செறிவு யுரேனியத்தின் அளவை மட்டுமே சார்ந்திருக்கிறது, அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதைச் சார்ந்ததன்று என்று மேரி கியூரி அளந்து காட்டியதும் இதனால்தான் அவ்வளவு முக்கியமானது.

தனிமத்தின் அடையாளம் அணு எண் மட்டுமே. இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, அட்டவணையில் ஆர்கானையும் பொட்டாசியத்தையும் பாருங்கள். ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தினுடையது 39.10, நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம்தான் முதலில் வர வேண்டும். அப்படி அடுக்கினால் ஒரு மந்த வாயு, சோடியத்தைப் போன்ற தீவிர உலோகங்களின் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். 1913-இல் ஹென்றி மோஸ்லி தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்களை அளந்து, அட்டவணையின் வரிசை எண் வெறும் வரிசை எண்ணன்று, அது கருவின் மின்சுமை என்று நிறுவியபோது இந்தப் புதிர் தீர்ந்தது. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19.

அணு எண் ஒன்றாகவும் நிறை எண் வேறாகவும் உள்ள அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். இங்கேதான் தொடக்கத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அட்டவணையில் குளோரினுக்கு 35.45 என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதிலிருந்து 17-ஐக் கழித்து, 18.45 நியூட்ரான்கள் என்று எழுதிவிடுகிறார்கள். நியூட்ரான்கள் முழு எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். இயற்கைக் குளோரினில் ஏறக்குறைய 75.8 விழுக்காடு குளோரின்-35, எஞ்சிய 24.2 விழுக்காடு குளோரின்-37. முதலாவதில் 18 நியூட்ரான்களும் இரண்டாவதில் 20 நியூட்ரான்களும் உள்ளன. 35.45 என்பது இந்தக் கலவையின் சராசரி. அந்த நிறையுள்ள ஒற்றைக் குளோரின் அணு எங்கும் கிடையாது. ஒரு கணக்கில் ஐசோடோப்பின் நிறை எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அட்டவணையிலிருந்து அணு எண்ணை மட்டும் எடுங்கள்.

அணுவின் படத்தைப் பற்றியும் ஒரு சொல். கோள்கள் சூரியனைச் சுற்றுவதைப் போல எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் ஓடும் படம் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. எண்ணிக்கையை நினைவில் வைக்க அது உதவும். அளவைப் பொறுத்தவரை அது முழுப் பொய். தங்க அணுவின் ஆரம் ஏறக்குறைய 1.4 × 10⁻¹⁰ மீட்டர், அதன் கருவின் ஆரமோ ஏறக்குறைய 7 × 10⁻¹⁵ மீட்டர். அதாவது கருவை ஒரு மில்லிமீட்டர் மணல்துகளாகப் பெரிதாக்கினால், அணு 20 மீட்டர் அகலத்துக்கு விரியும். 1909-இல் கெய்கரும் மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகட்டின் மீது, கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் ஹீலியம் கருக்களான ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது, பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றதற்கும், பல ஆயிரங்களில் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியதற்கும் இந்த வெற்றிடமும் அதன் நடுவில் இருந்த அந்தச் சிறு கருவுமே காரணம். 1911-இல் ரூதர்ஃபோர்டு அதிலிருந்துதான் அணுக்கரு இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நியூட்ரானைக் கண்டுபிடிக்க 1932 வரை, சாட்விக் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எந்தக் கரு சிதையும் என்று ஊகித்தல்

ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயல்படும் வலிமையான அணுக்கரு விசை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நியூட்ரான்கள் விலக்கத்தைக் கூட்டாமல் பிணைப்பை மட்டும் கூட்டுவதால், கரு பெரிதாகப் பெரிதாக நியூட்ரான்களின் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கால்சியம்-40 கருவில் 20 புரோட்டான்களுக்கு 20 நியூட்ரான்கள் போதும். காரீயம்-208 கருவிலோ 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள், அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய 1.54 என்ற விகிதத்தில், தேவைப்படுகின்றன. இந்த விகிதத்திலிருந்து விலகிய கருக்கள் ஏதேனும் ஒரு வழியில் சிதைந்து நிலைத்த அமைப்பை நோக்கி நகர்கின்றன.

எந்த வழியில் என்பதை ஊகிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஐசோடோப்பின் நிறை எண்ணை அட்டவணையில் உள்ள அணு நிறையோடு ஒப்பிடுங்கள். நிறை எண் பெரிதாக இருந்தால் நியூட்ரான்கள் மிகுதி என்று பொருள். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரான் வெளியேறும் பீட்டா சிதைவை எதிர்பார்க்கலாம். கார்பனின் அணு நிறை 12.01, ஆகவே கார்பன்-14 பீட்டா சிதைவு அடையும், அயோடினுக்கு 126.90, ஆகவே அயோடின்-131-க்கும் அதே வழிதான். நிறை எண் சிறிதாக இருந்தால் புரோட்டான்கள் மிகுதி. எலக்ட்ரானை ஒத்த, ஆனால் நேர் மின்சுமை கொண்ட பாசிட்ரான் வெளியேறலாம், அல்லது கரு தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஒன்றைக் கவர்ந்துகொள்ளலாம். சோடியம்-22, மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் ஃபுளூரின்-18 ஆகியவை இவ்வகை. அணு எண் 82-ஐத் தாண்டிய கனமான கருவாக இருந்தால் ஆல்ஃபா சிதைவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இது ஊகம்தான், விதியன்று. பொட்டாசியம்-40 இரண்டு வழியிலும் போகிறது: ஏறக்குறைய 89 விழுக்காடு பீட்டா சிதைவால் கால்சியம்-40 ஆகவும், எஞ்சியதில் பெரும்பாலும் எலக்ட்ரான் கவர்தலால் ஆர்கான்-40 ஆகவும் மாறுகிறது. காற்றில் உள்ள ஆர்கானில் மிகப் பெரும்பகுதி இப்படிப் பாறைகளுக்குள் பிறந்ததே. அதேபோல், பிஸ்மத்-209 நிலைத்த கரு என்றே நீண்டகாலம் பாடநூல்களில் இருந்தது. 2003-இல்தான் அதுவும் சிதைவது அளக்கப்பட்டது. அதன் அரை ஆயுட்காலம் (கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) ஏறக்குறைய 2 × 10¹⁹ ஆண்டுகள் என்பதால், அன்றாட நோக்கில் அதை நிலைத்தது என்று சொல்பவரோடு சண்டையிடத் தேவையில்லை.

சிதைவுச் சமன்பாட்டை எழுதுதல்

அம்புக்குறியின் இருபக்கமும் நிறை எண்களின் கூடுதல் சமமாக இருக்க வேண்டும். அணு எண்களின் கூடுதலும் சமமாக இருக்க வேண்டும். சமன்பாடுகள் அனைத்துக்கும் இந்த ஒரு நிபந்தனைதான். ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்-4-இன் கரு. அதற்கு நிறை எண் 4, அணு எண் 2. வெளியேறும் எலக்ட்ரானுக்கு நிறை எண் 0, அணு எண்ணின் இடத்தில் −1. பாசிட்ரானுக்கு 0, +1. கருவிலிருந்து வரும் உயர் ஆற்றல் ஒளியான காமாக் கதிருக்கு இரண்டுமே 0.

ரேடியம்-226 ஆல்ஃபா சிதைவு அடைகிறது, சிதைவுக்குப் பின் எஞ்சும் சேய் அணுக்கரு எது என்று கேட்டால், முதலில் அட்டவணையில் ரேடியத்தின் அணு எண் 88 என்று பார்த்து இடப்பக்கத்தை எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஆல்ஃபாவை எழுதிவிட்டு, மீதியைக் கழித்துக் காணுங்கள்: 226 − 4 = 222; 88 − 2 = 86. இனி அட்டவணையில் 86-ஆம் இடத்தில் யார் என்று பார்த்தால் ரேடான்.

ரேடியம்-226 (88) → ரேடான்-222 (86) + ஆல்ஃபா-4 (2)

வரிசை இதுதான். எண்களைக் கண்டுபிடித்த பிறகே பெயரைத் தேட வேண்டும். பெயரை முதலில் ஊகித்து எண்களை அதற்குப் பொருத்த முயல்பவர்கள் இடறி விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதே சமன்பாட்டில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நிறை எண்கள் சமமாக இருந்தாலும், துல்லியமான நிறைகள் சமமாக இல்லை. ரேடியம்-226 அணுவின் நிறை 226.025410 அணு நிறை அலகு, ரேடான்-222, ஹீலியம்-4 அணுக்களின் நிறைகள் முறையே 222.017578, 4.002603 அலகுகள், இரண்டும் சேர்ந்து 226.020181. காணாமல் போன 0.005229 அலகு நிறைதான் ஆற்றலாக வெளிவருகிறது. ஓர் அலகு நிறைக்கு 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று பெருக்கினால் 4.87 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். துப்பாக்கி குண்டை உமிழும்போது பின்னுதைப்பதைப் போல ரேடான் கருவும் சிறிதளவு ஆற்றலோடு பின்னோக்கி நகர்வதால், ஆல்ஃபாவின் பங்கு இதில் 226-க்கு 222 என்ற விகிதத்தில், அதாவது 4.78 ஆக அமைகிறது. ஆய்வகத்தில் ரேடியத்தின் முதன்மை ஆல்ஃபாவுக்கு அளக்கப்படும் மதிப்பும் அதுவே. தாளில் கழித்துக் கண்ட ஓர் எண்ணும் கருவி காட்டும் எண்ணும் இப்படி ஒத்துப்போவதை ஒருமுறை தானே செய்து பார்த்தவருக்குப் பிறகு நிறையும் ஆற்றலும் சமம் என்பது வெறும் வாசகமாகத் தோன்றாது.

பீட்டா சிதைவுக்குக் கார்பன்-14.

கார்பன்-14 (6) → நைட்ரஜன்-14 (7) + எலக்ட்ரான் 0 (−1) + எதிர் நியூட்ரினோ

நிறை எண் மாறவில்லை, அணு எண் ஒன்று கூடியது. அந்த எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? அணுவைச் சுற்றியிருந்த எலக்ட்ரான்களில் ஒன்றன்று. கருவுக்குள் முன்பே பதுங்கியிருந்ததும் அன்று. நியூட்ரான் புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில்தான் அது உருவாகிறது. ஆல்ஃபா துகள்கள் குறிப்பிட்ட ஆற்றலோடு வருகையில், பீட்டா எலக்ட்ரான்கள் மட்டும் பூச்சியத்திலிருந்து ஓர் உச்ச அளவு வரை எல்லா ஆற்றல்களிலும் வருவது விளங்காமல் இருந்தது. எஞ்சிய ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துகள் கொண்டுபோகிறது என்று 1930-இல் பௌலி முன்மொழிந்தார். அந்தத் துகளே மேலே எழுதிய எதிர் நியூட்ரினோ; அது கருவியில் சிக்க 1956 வரை ஆயிற்று. அதன் நிறை எண்ணும் மின்சுமையும் பூச்சியம் என்பதால் நம் கணக்கில் அதை விட்டுவிட்டாலும் சமன்பாடு தவறாகாது. ஆனால் ஆற்றல் கணக்கில் விட்டுவிட முடியாது.

காமாவைத் தனிச் சிதைவாகக் கருதுவதைவிட, வேறொரு சிதைவுக்குப் பின் கிளர்ந்த நிலையில் இருக்கும் சேய் அணுக்கரு அமைதி கொள்ளும் செயலாகக் கருதுவது பொருத்தம். கோபால்ட்-60 பீட்டா சிதைவால் நிக்கல்-60 ஆன பிறகு, அந்த நிக்கல் கரு 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களை அடுத்தடுத்து வெளியிடுகிறது. பேச்சுவழக்கில் கோபால்ட்டின் காமா என்று சொன்னாலும், உண்மையில் அது நிக்கலுடையது.

நீண்ட தொடர்களுக்கு ஒவ்வொரு படியையும் எழுதத் தேவையில்லை. யுரேனியம்-238 (92) பல படிகளைக் கடந்து காரீயம்-206 (82) ஆகிறது. எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா? நிறை எண்ணைக் குறைப்பது ஆல்ஃபா மட்டுமே என்பதால் முதலில் அதைப் பிடியுங்கள்: 238 − 206 = 32; 32 ÷ 4 = 8 ஆல்ஃபாக்கள். எட்டு ஆல்ஃபாக்கள் அணு எண்ணை 16 குறைத்து 76-க்குக் கொண்டுவந்திருக்கும். முடிவில் 82 இருப்பதால், 82 − 76 = 6 பீட்டாக்கள் அதை மீண்டும் உயர்த்தியிருக்க வேண்டும். தோரியம்-232 (90), காரீயம்-208 (82) ஆகும் தொடரை நீங்களே செய்து பாருங்கள். ஆறு ஆல்ஃபாவும் நான்கு பீட்டாவும் வந்தால் முறை கைவந்துவிட்டது. நிறை எண் நான்கு நான்காகத்தான் குறைய முடியும் என்பதால், யுரேனியம்-238 ஒருபோதும் காரீயம்-207 ஆகவோ 208 ஆகவோ முடியாது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

அரை ஆயுட்காலக் கணக்கு

ஒரு கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முதுமை என்பதே இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் ரேடியம் கருவுக்கும் நேற்று உருவான ரேடியம் கருவுக்கும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. ஆனால் கோடிக்கணக்கான கருக்களில் பாதி எவ்வளவு காலத்தில் சிதையும் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லலாம். அந்தக் காலமே அரை ஆயுட்காலம்.

இதைக் கையால் உணர்ந்து பார்க்க 60 பகடைகள் போதும். எல்லாவற்றையும் உருட்டி, ஆறு விழுந்தவற்றை எடுத்து ஓரம் வையுங்கள். மீதியை மீண்டும் உருட்டுங்கள். ஒவ்வொரு பகடைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வெளியேற வாய்ப்பு ஆறில் ஒன்று. கணக்கிட்டுப் பார்த்தால் பகடைகள் பாதியாவதற்கு 3.8 சுற்றுகள் ஆகும். நான்கு சுற்றுகளுக்குப் பிறகு ஏறக்குறைய 29 பகடைகள் எஞ்சும். பகடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரேடான்-222-இன் அரை ஆயுட்காலம் 3.82 நாள்கள், ஒரு ரேடான் அணு ஒரு நாளில் சிதைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய சரியாக ஆறில் ஒன்று. எனவே உங்கள் பகடை ஒவ்வொன்றும் ஒரு ரேடான் அணு, ஒவ்வொரு சுற்றும் ஒரு நாள். இருமுறை செய்து பார்த்தால் இரண்டு முறையும் எண்கள் வேறுபடும், ஆனால் வளைகோட்டின் வடிவம் மாறாது. பத்துச் சுற்றுகளாக ஆறு விழாத பகடைக்குப் பதினோராவது சுற்றில் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை என்பதும் விளங்கும்.

கணக்கில் வழக்கமாகக் கேட்கப்படுவது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு எவ்வளவு மீதி என்பதுதான். கழிந்த காலத்தை அரை ஆயுட்காலத்தால் வகுத்து, எத்தனை முறை பாதியாயிற்று என்று காணுங்கள். அத்தனை முறை பாதியாக்குங்கள். தைராய்டு மருத்துவத்தில் பயன்படும் அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 8 நாள்கள். 24 நாள்களில் மூன்று முறை பாதியாகும். எட்டில் ஒரு பங்கு எஞ்சும். 80 நாள்களில் பத்து முறை பாதியாகி 1,024 இல் ஒரு பங்கு எஞ்சும். 20 நாள்கள் என்றால் வகுத்தால் 2.5 வருகிறது; அப்போது கால்குலேட்டரில் 0.5-இன் அடுக்கை 2.5 ஆகப் போட்டால் 0.177, அதாவது 17.7 விழுக்காடு. ஒரு அரை ஆயுட்காலத்தில் பாதி போனால் இரண்டில் முழுவதும் போய்விடும் என்று எண்ணுவது பரவலான பிழை. இரண்டாவது காலத்தில் போவது மீதியின் பாதி மட்டுமே.

காலத்தைக் கண்டுபிடிக்க இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பழைய மரக்கரித் துண்டொன்றில் கார்பன்-14-இன் பங்கு, உயிருள்ள மரத்தில் இருப்பதில் 60 விழுக்காடு மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 1-ஐ 0.6-ஆல் வகுத்து, அதன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் 0.737, அதை 5,730 ஆண்டுகளால் பெருக்கினால் ஏறக்குறைய 4,220 ஆண்டுகள். இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிப்பிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வளிமண்டலத்தில் கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை என்பதால், ஆய்வகங்கள் இந்த எண்ணை மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே வயதை அறிவிக்கின்றன. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்களில் எஞ்சியிருப்பது அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பாறைகளுக்கு யுரேனியமும் பொட்டாசியமும்தான் கடிகாரம்.

அளவீடும் அலகுகளும்

ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை கருக்கள் சிதைகின்றன என்பதே அதன் கதிரியக்கச் செயல்பாடு. நொடிக்கு ஒன்று என்றால் 1 பெக்கெரல். இதைக் கணக்கிட, கருக்களின் எண்ணிக்கையைச் சிதைவு மாறிலியால் பெருக்க வேண்டும். சிதைவு மாறிலி என்பது 0.693-ஐ நொடிகளில் எழுதிய அரை ஆயுட்காலத்தால் வகுத்த ஈவு. ஒரு கிராம் ரேடியம்-226-ஐ எடுத்துக்கொண்டால், 226 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையான (அவகாட்ரோ எண்) 6.022 × 10²³-ஐ 226-ஆல் வகுக்க 2.66 × 10²¹ கருக்கள். அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள், அதாவது 5.05 × 10¹⁰ நொடிகள். சிதைவு மாறிலி 1.37 × 10⁻¹¹. பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3.66 × 10¹⁰ சிதைவுகள். பழைய அலகான 1 கியூரி 3.7 × 10¹⁰ பெக்கெரலாக இருப்பதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும். அது ஒரு கிராம் ரேடியத்தை வைத்தே வகுக்கப்பட்டது. ஆண்டுகளை நொடிகளாக மாற்ற மறப்பதுதான் இந்தக் கணக்கில் மிகுதியாக நடக்கும் தவறு.

பெக்கெரல் எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர, உடலுக்கு நேரும் பாதிப்பைச் சொல்வதில்லை. ஒரு கிலோகிராம் திசு உட்கவரும் ஆற்றலைக் கிரே என்ற அலகும், கதிரின் வகைக்கேற்ப அதன் உயிரியல் விளைவை எடையிட்டு சீவர்ட் என்ற அலகும் சொல்கின்றன. ஆல்ஃபாவுக்கு அந்த எடை 20, பீட்டாவுக்கும் காமாவுக்கும் 1. உலகச் சராசரியாக ஒருவர் இயற்கை மூலங்களிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். அதில் ஏறக்குறைய பாதி ரேடானும் அதன் சேய் அணுக்களும் தருவது. நம் உடலிலுள்ள பொட்டாசியத்தாலேயே ஒவ்வொருவரிடமும் நொடிக்கு ஏறக்குறைய 4,000 கருக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன என்பதையும் அறிந்து வைத்திருந்தால், செய்தியில் சில நூறு பெக்கெரல் என்று படிக்கும்போது பதற்றம் வராது.

ஆல்ஃபாவை ஒரு தாளே தடுத்துவிடும், பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம் வேண்டும், காமாவுக்குப் பல சென்டிமீட்டர் காரீயம் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த பாடம். ஆனால் அதிலிருந்து ஆல்ஃபா தீங்கற்றது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தோலுக்கு வெளியே நிற்கும், ஆல்ஃபாவை வெளியிடும் பொருள் (மூலம்) தீங்கற்றதுதான்; மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் அதே துகள் தன் முழு ஆற்றலையும் சில செல்களின் மீது கொட்டிவிடுகிறது. கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வது அல்லது உள்ளே போவது வேறு. முன்னது மூலத்தை அகற்றியதும் நின்றுவிடும். பின்னது பொருள் நீங்கும் வரை அல்லது சிதைந்து தீரும் வரை தொடரும். காமா மூலத்துக்கு எதிரே நின்று வெளிவந்தவர் கதிரியக்கமுடையவராக ஆகிவிடுவதில்லை. மூலம் சிறியதாக இருக்கும்போது தொலைவு மிக மலிவான காப்பு: தொலைவை இருமடங்காக்கினால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகவும், மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும்.

கதிர்களை எண்ணும் கருவியான கெய்கர் எண்ணியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எந்த மூலமும் அருகில் இல்லாத நிலையில் பின்னணியை எண்ணுவது. பின்னணியை 10 நிமிடங்கள் எண்ணியதில் 200 கிடைத்தது, பிறகு மாதிரியை வைத்து 10 நிமிடங்கள் எண்ணியதில் 900 கிடைத்தது என்றால், மாதிரியின் பங்கு 700, நிமிடத்துக்கு 70. சிதைவு தற்செயலானது என்பதால் எந்த எண்ணிக்கைக்கும் அதன் வர்க்கமூலம் அளவுக்கு நிச்சயமின்மை உண்டு: 900-க்கு 30, 200-க்கு ஏறக்குறைய 14. எண்ணிக்கைகளைக் கழிக்கிறோம் என்பதால் இந்த நிச்சயமின்மைகளையும் கழித்து 16 என்று எழுதிவிடாதீர்கள். அவை எப்போதும் சேரவே செய்யும். 900-ஐயும் 200-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 33. ஆகவே விடை நிமிடத்துக்கு 70, நிச்சயமின்மை இருபக்கமும் 3.3. இதைப் பாதியாகக் குறைக்க விரும்பினால் எண்ணும் நேரத்தை இருமடங்காக அன்று, நான்கு மடங்காக, அதாவது மாதிரிக்கும் பின்னணிக்கும் தலா 40 நிமிடங்களாக ஆக்க வேண்டும்.